எலியிடம் இல்லாத ஏற்பி

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்ட ரீசஸ் குரங்குகள், ஒரு மருந்தின் தயவால் ஓராண்டுக்கும் மேல் நிராகரிப்பின்றி வாழ்ந்தன என்ற ஆய்வு 1999இல் வெளியானது. நோயெதிர்ப்பு அணுக்களை உசுப்பும் சிடி154 என்ற புரதத்தைத் தடுக்கும் ஆன்டிபாடி அது. அதே ஆண்டில் மனிதர்களிடம் நடந்த சோதனை நிறுத்தப்பட்டது. இரத்தம் கட்டியது.

எலிகள் ஏன் எச்சரிக்கவில்லை? அப்புரதம் இரத்தத் தட்டணுக்களிலும் உண்டு. மருந்தின் வால்பகுதி மனிதத் தட்டணுவிலுள்ள ஓர் ஏற்பியைப் பற்றிக்கொண்டு தட்டணுக்களைத் திரளச் செய்கிறது. எலியின் தட்டணுவில் அந்த ஏற்பியே கிடையாது. (எலியைக் குறை சொல்லி என்ன பயன்!)

ஆனால் 2000இல் பாஸ்டனில் தட்சுவோ கவாய் குழுவினர் குரங்குகளிலேயே இரத்தக்கட்டிகளைக் கண்டு எழுதினார்கள். எனவே விலங்குச் சோதனையே வீண் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. எந்த விலங்கில் எதைத் தேடினார்கள் என்றுதான் கேட்பேன்.

பின்னர் வந்த டெகோப்ருபார்ட் மருந்தில் அந்த வால்பகுதியை மாற்றியமைத்தார்கள். 2024 மார்ச்சில் மரபணு திருத்திய பன்றியின் சிறுநீரகம் உயிரோடிருக்கும் மனிதர் ஒருவருக்கு முதன்முதலாகப் பொருத்தப்பட்டபோது அம்மருந்தும் கொடுக்கப்பட்டது. அறுவை செய்தவர் அதே கவாய். நோயாளி ஏறத்தாழ இரு மாதங்களில் இறந்தார். அதற்கு மாற்றுச் சிறுநீரகம் காரணம் என்பதற்கு அறிகுறியில்லை என்றது மருத்துவமனை.