ஓரிரு இடங்களில் மழை

"வட தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்" என்னும் அறிவிப்பைக் கேட்டு நகையாடாத திண்ணை நம் பகுதியில் இல்லை. "அந்த ஓரிரு இடம் எது என்று சொல்லத் தெரியாதவர்களுக்கு எதற்கு ஓர் அலுவலகம்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். என் ஊராகிய பெரணமல்லூரில் இந்நகைப்பில் சற்றுக் கசப்பும் கலந்திருக்கும். பட்டு நெய்வோர் பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்தும் வேளையில் மழை இறங்கினால் அன்றைய பாடு முழுவதும் வீண். குழித்தறியில் நீர் ஊறினால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். ஆதலின் மழை எங்கே, எத்தனை மணிக்கு என்னும் வினா இங்கு வெறும் ஏட்டறிவைச் சார்ந்ததன்று, அடுப்பங்கரையைச் சார்ந்தது.

ஆயினும் அந்த அறிவிப்பு நேர்மையானது என்பதே என் கருத்து. 'ஓரிரு இடங்களில்' என்பது மழுப்பல் சொல் அன்று. ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25க்கு மிகாதவற்றில் மழை பதிவாகும் என்பதே வானிலைத் துறை அதற்கு வகுத்துள்ள பொருள். எந்த நிலையம் என்று சொல்ல இயலாமைக்குக் காரணம் சோம்பலன்று. அக்காரணத்தை நம் தறிக்காரர்களுக்கு விளக்குதல் எளிது.

சேலைக்கு மாங்காய்ப் புட்டா வரைபவர் கட்டத்தாளில் வரைகிறார்; அக்கட்டங்களைப் பார்த்தே ஜக்கார்டு அட்டையில் துளையிடுகிறார்கள். கட்டம் பெரிதானால் மாங்காயின் வளைவு படிக்கட்டாகிவிடும். கட்டத்தினும் சிறிய பூ அதில் விழவே விழாது. வானிலையைக் கணிக்கும் கணிப்பொறி மாதிரிகளும் வளிமண்டலத்தை இவ்வாறே கட்டங்களாகப் பகுக்கின்றன. ஒரு கட்டத்துக்கு ஒரே வெப்பம், ஒரே ஈரம், ஒரே காற்று. நம் நாட்டில் பல ஆண்டுகள் வழக்கிலிருந்த உலகளாவிய மாதிரியின் கட்டம் 12 கிலோமீட்டர். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கி, 2025 மே 26 அன்று நாட்டுக்கு வழங்கப்பட்ட 'பாரத் முன்கணிப்பு முறை'யில் அது 6 கிலோமீட்டராகச் சுருங்கியது. நூறாண்டுக் காலநிலையைக் கணிக்கும் மாதிரிகளிலோ 100 கிலோமீட்டர்க் கட்டமும் உண்டு. இடிமுகிலின் உள்ளே காற்று மேலெழும் தண்டின் அகலம் சில கிலோமீட்டரே. வலையின் கண் பெரிது, மீன் சிறிது.

அதற்காக முகிலே இல்லையென்று விட்டுவிட முடியுமா? வெப்பத்தையும் ஈரத்தையும் தரையிலிருந்து மேலே சுமந்து செல்வது முகிலன்றோ? ஆகவே ஆய்வாளர்கள் ஒரு சுருக்க விதியைப் புகுத்தினர். ஒரு கட்டத்தில் இவ்வளவு வெப்பமும் இவ்வளவு ஈரமும் இருந்தால், உள்ளே முகில்கள் எழுந்து இவ்வளவு மழை பொழியும் எனக் கணக்கிடும் விதி அது. 1974ஆம் ஆண்டு அரக்காவா, ஷூபர்ட் ஆகிய இருவரும் வகுத்த விதி இவற்றுள் பெயர்பெற்றது. முகிலைக் காணாமலே முகிலின் பயனைக் கூறும் இத்தகைய விதிகளின்மீதுதான் உலகின் வானிலைக் கணிப்பு பெரும்பாலும் நடந்து வந்திருக்கிறது.

விதி சரிதானா என்று அறிவது எப்படி? மழைமானியைக் கொண்டு மட்டும் அறிதல் அரிது. மழை தவறினால் தவறு முகில் விதியிலா, காற்றின் கணக்கிலா, தரையின் ஈரத்திலா என்று மழைமானி சொல்லாது. இங்கேதான் ஆய்வாளர்கள் ஒரு நல்ல வழியைக் கண்டனர். சிறிய நிலப்பரப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் வானத்தை ஒரு கிலோமீட்டரோ அதற்கும் குறைவோ ஆன நுண்கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு முகிலும் தானே எழுந்து தானே கலையும்படி கணிப்பொறியில் நிகழ்த்திப் பார்ப்பது அவ்வழி. பின்னர் அப்பரப்பு முழுமைக்கும் சராசரி எடுத்து, அதே காலை, அதே வெயில், அதே ஈரத்தில் சுருக்க விதி என்ன சொல்கிறது என்று அருகில் வைத்து ஒப்பிட வேண்டும். எந்த உயரத்தில், எந்த மணியில் விதி வழுவுகிறது என்பது அப்போது வெளிப்படையாகத் தெரியும்.

2004இல் வெளியான ஓர் ஐரோப்பியக் கூட்டாய்வு இதற்குத் தக்க சான்று. அமெரிக்காவின் ஓக்லஹோமாப் பகுதியில் கோடை நாள் ஒன்றில் எடுத்த அளவீடுகளை அடிப்படையாகக் கொண்டு, நுண்கட்ட மாதிரிகள் சிலவற்றையும் சுருக்க விதி மாதிரிகள் சிலவற்றையும் ஒருங்கே ஓட்டினர். நுண்கட்ட மாதிரிகளில் முதலில் சிறு முகில்கள் எழுந்தன. அவை சுற்றியுள்ள உலர்ந்த காற்றோடு கலந்து தேய்ந்தன. மேல்வானைச் சிறிது சிறிதாக ஈரமாக்கின. சில மணிநேரம் கழிந்த பின்னரே பெருமுகில் ஓங்கி மழை பெய்தது. சுருக்க விதி மாதிரிகளோ அந்த இடைப்பட்ட உழைப்பைத் தாண்டிக் குதித்து, மழையை முன்னதாகவே பொழிந்துவிட்டன.

நம்மூர்ப் பேச்சில் சொல்வதானால், விதி லுஹர் நேரத்திலேயே மழை பெய்யச் செய்கிறது. வானமோ அஸருக்குப் பின்னர்தான் கறுக்கிறது. ஆவணியில் மஃரிபை ஒட்டி இடி முழங்குவதை அறியாத பெரணமல்லூர்ப் பிள்ளை உண்டா? நண்பகலில் பாவு நீட்டலாமா என்று முடிவெடுக்கும் நெசவாளிக்கு இந்த நான்கு மணிநேரப் பிழை ஒரு நாள் கூலி. காலநிலைக் கணிப்புக்கும் இது சிறு பிழையன்று. நண்பகலில் முகில் மூடினால் வெயில் குறையும், தரையின் சூடு குறையும்; ஒரு பிழை ஒன்பது பிழைகளை ஈனும்.

சோதிக்க இயலாத விதியை நம்பியதன் விலையை நம் நாடு ஒருமுறை கொடுத்திருக்கிறது. 1988 முதல் வானிலைத் துறை 16 குறிகளைக் கொண்ட புள்ளியியல் முறையால் தென்மேற்குப் பருவமழையை முன்னுரைத்து வந்தது. 2001 வரை நாடளாவிய வறட்சி எதுவும் நேராமையால் அம்முறை புகழ் பெற்றது. 2002இல் மழை இயல்பாக இருக்கும் என்று உரைத்தனர். ஜூலைத் திங்களில் இயல்பில் ஏறக்குறையப் பாதியே பெய்தது. பருவம் முழுமைக்கும் 19 விழுக்காடு குறைந்தது. அடுத்த ஆண்டே முறையை மாற்ற வேண்டியதாயிற்று. பழைய ஆண்டுகளின் ஒற்றுமைகளைத் தொகுத்த அவ்விதிக்குள் முகில் எழும் கணக்கும் இல்லை, காற்று இயங்கும் கணக்கும் இல்லை. ஆதலால் அது ஏன் தவறியது என்று திறந்து பார்க்கவும் வழியில்லை. விதைநெல்லைப் புழுதியில் இட்டுவிட்டு வானம் பார்த்தவர்களுக்கு இது ஆறுதல் தராது என்பதை அறிவேன்.

"அவ்வாறாயின் சுருக்க விதிகளைத் தூக்கி எறிந்துவிட்டு, எல்லாவற்றையும் நுண்கட்டத்திலேயே கணித்தால் என்ன?" என்று மாணவர் கேட்கலாம். கட்டத்தின் நீளத்தையும் அகலத்தையும் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்கு. காலத்தையும் பாதிப் பாதியாக நறுக்க வேண்டுமாதலின் வேலை எட்டு மடங்கு. 6 கிலோமீட்டரிலிருந்து 100 மீட்டருக்கு இறங்கினால் இரண்டு லட்சம் மடங்குக்கும் மேல். 2024இல் புனேயிலும் நொய்டாவிலும் நிறுவப்பட்ட 'அர்கா', 'அருணிகா' என்னும் மீத்திறன் கணிப்பொறிகளாலும் அச்சுமையைத் தாங்க இயலாது. நூறாண்டு கணிக்கச் சுருக்க விதி வேண்டும். அவ்விதியைத் தேர்வு செய்ய நுண்கணிப்பு வேண்டும். ஒன்றை மற்றதன் பகையாகப் பேசுவது பிழை.

நுண்கணிப்பையே வானமாகக் கொள்ளும் மயக்கம் அதனினும் பெரும் பிழை. துளி எவ்வாறு பருக்கிறது, தூசி எத்தனை துளிகளைப் பிறப்பிக்கிறது என்பவற்றுக்கு அதனுள்ளும் சுருக்க விதிகளே உள்ளன. தேர்வாளரையும் ஒருவர் தேர்வு செய்ய வேண்டும். அப்பணி அளவீட்டுக்கு உரியது. நமக்கு வடக்கே, திருப்பதியை அடுத்த காதங்கியில் 1024 ஆண்டெனாக்களைப் பரப்பி மேல்வானின் காற்றை அளக்கும் ராடார் 1990களிலிருந்து பணியாற்றி வந்திருக்கிறது. 2009இல் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தில் புனே நிறுவனத்தார் விமானத்தில் முகிலுக்குள்ளேயே சென்று துளிகளை அளந்தனர். புதிய கணிப்பொறிக்குக் கிடைக்கும் வரவேற்பும் செய்தித்தாள் இடமும் இத்தகைய அளவீடுகளுக்குக் கிடைப்பதில்லை என்பது என் மனக்குறை.

நம் கல்லூரிகள் இதில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. வளாகத்தில் மழைமானி வைத்து மழையின் அளவைக் குறிப்பதோடு, மழை தொடங்கிய மணியையும் நின்ற மணியையும் நாள்தோறும் எழுதி வைக்கலாம். இயற்பியல் மாணவர் அளக்கட்டும். தமிழ்த்துறை மாணவர் அப்பதிவேட்டை நெசவாளரும் உழவரும் படித்தறியும் தமிழில் எழுதட்டும். பத்துக் கோடைகளின் பதிவேடு கையிலிருந்தால், லுஹரா அஸரா என்னும் வழக்கில் எங்கள் ஊரும் சாட்சி சொல்லலாம்.