சொல்லுக்கும் துணை உண்டு

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

ஆங்கிலத்தில் ஒருவன் பிழையாக எழுதினால், "இலக்கணம் தெரியாதவன்" என்று முத்திரை குத்திவிடுவது எளிது. ஆனால் நம் மாணவர்கள் செய்யும் பிழைகளைச் சற்று ஆராய்ந்தால், பல இடங்களில் இலக்கணம் செம்மையாகவே இருப்பதைக் காணலாம். பிழைபட்டது சொற்களின் சேர்க்கையே.

'பலத்த' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். பலத்த மழை, பலத்த காற்று, பலத்த காயம், பலத்த பாதுகாப்பு என நான்கு இடங்களிலும் அது பொருந்தி நிற்கிறது. ஆங்கிலத்திலோ மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்', காயத்திற்கு 'சீரியஸ்', பாதுகாப்பிற்கு 'டைட்' என்று துணை மாறுகிறது. 'ஸ்ட்ராங் ரெயின்' என்று எழுதிய மாணவன் எந்த இலக்கண விதியை மீறினான்? தவறு 'செய்கிறோம்' என்பதால் 'டூ' என்கிறான். அங்கே 'மேக்' வேண்டும். நம்மைச் சளி பிடிக்கிறது. ஆங்கிலேயனோ சளியைப் பிடிக்கிறான்! இவற்றுள் எது அறிவுக்கு ஒத்தது என்று வாதிடுவது வீண். மொழிவழக்கு அப்படி, அவ்வளவே.

இந்த இடர்ப்பாடு தமிழனுக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானில் ஆங்கிலக் கல்விக்காக உழைத்த ஹெரால்டு பால்மர், இத்தகைய சொற்சேர்க்கைகளைத் தொகுத்து 1933இல் டோக்கியோவில் ஓர் அறிக்கையே வெளியிட்டார்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போதும் இதே இடறல்தான். 'ஸ்ட்ராங் டீ' என்றால் டிக்காஷன் மிகுந்த தேநீர். அந்த நினைவில் 'ஸ்ட்ராங் ஆசிட்' என்பதை 'அடர் அமிலம்' என்று பெயர்த்தால் வேதியியலே தவறிவிடும். நீரில் ஏறத்தாழ முழுமையாக அயனியாவது அமிலத்தின் வலிமை. கரைசலில் எவ்வளவு அமிலம் உள்ளது என்பது அடர்வு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வலிமை மிக்கதே. அடர் அசெட்டிக் அமிலமும் வலிமை குறைந்ததே.

ஆங்கிலம் புழங்கும் வீட்டில் வளர்ந்தவர்க்கு இச்சேர்க்கைகள் காதுவழியே வந்துவிடுகின்றன. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்க்கோ ஏடு ஒன்றே வழி. அங்கும் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று மனப்பாடம் செய்தே பழகிவிட்டோம். ஆகவே, அவர் தடுமாறும்போது வகுப்பில் எழும் சிரிப்பு நியாயமன்று. சிரிப்புக்கு அஞ்சியவன் வாய் திறப்பதில்லை. வாய் திறவாதவனுக்கு மொழி வருவதுமில்லை.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பிழையின்கீழ்ச் சிவப்புக் கோடு இடுவதோடு நில்லாமல், அச்சொல்லுக்கு உரிய துணையையும் ஓரத்தில் எழுதுங்கள். 2002இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு சொற்சேர்க்கை அகராதி போன்ற நூல்கள் மாணவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். மாணவ நண்பர்களே, நாமும் சொற்களைத் தனித்தனியே பொறுக்குவதை விடுத்து, இணை இணையாகவே குறித்து வைப்போம். ஒரு மனிதனை அவன் நண்பர்களைக் கொண்டு அறிகிறோம். சொல்லையும் அவ்வாறே அறிவோமாக!