கடிகாரமும் வெள்ளைக் கூடாரமும்

கைக்கடிகாரத்தைப் படம் பிடிப்பதற்கென்று இப்போது ஒரு சாஸ்திரமே ஏற்பட்டுவிட்டது. கண்ணாடியில் எதுவும் பிரதிபலிக்கக் கூடாது. நிழல் விழக் கூடாது. கீறல், தூசி, கைரேகை ஒன்றும் தெரியக் கூடாது. முட்கள் பத்து மணி பத்து நிமிஷத்தில் நிற்க வேண்டும். இதற்காகவே வெள்ளைத் துணியிலும் பிளாஸ்டிக்கிலும் சின்னக் கூடாரங்கள் விற்கிறார்கள். உள்ளே விளக்குச் சரம் ஒட்டியிருக்கும். கடிகாரத்தை நடுவில் வைத்து, முன்புறத்து ஓட்டை வழியாகச் செல்போனை நீட்டினால் முடிந்தது காரியம். வீட்டிலிருந்தபடியே பழைய கடிகாரம் விற்கிறவர்களில் பலர் இந்தக் கூடாரத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். இந்தச் சாஸ்திரம் தப்பு என்பது என் கட்சி. இதனால் அழகு கெடுகிறது என்பது கால் பங்கு. நாணயம் கெடுகிறது என்பது முக்கால் பங்கு.

முதலில் அழகைச் சொல்லிவிடுகிறேன். பளபளவென்று தேய்த்த எஃகுக்குச் சொந்தமாக ஒரு தோற்றம் கிடையாது. எதிரில் இருப்பதைக் காட்டும், அவ்வளவுதான். சுற்றிலும் வெள்ளையை நிறுத்தினால் அதுவும் வெளுத்துப்போகும். அதனால்தான் கூடாரத்துக்குள் வைத்த கடிகாரம் விளிம்பும் இல்லாமல் கனமும் இல்லாமல், சுண்ணாம்புக் கட்டியில் செதுக்கியதுபோல் நிற்கிறது. எஃகு எஃகாகத் தெரிய வேண்டுமென்றால் வெள்ளைக்குப் பக்கத்தில் கறுப்பும் இருக்க வேண்டும். ஒரு கறுப்பு அட்டையைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில், படத்துக்குள் வராத தூரத்தில் நிறுத்திப் பாருங்கள். கேஸின் ஓரத்தில் மை தீட்டினாற்போல ஒரு கோடு எழும்பும். அந்தக் கோடு எழும்பின பிறகுதான் அது கையில் கட்டுகிற சாமான்.

இதற்குக் கூடாரமும் வேண்டாம், விலைக்கு வாங்கின விளக்கும் வேண்டாம். வெயில் நேரே விழாத ஒரு ஜன்னல் போதும். வெயில் விழுகிற ஜன்னலாயிருந்தால் பழைய வெள்ளை வேட்டி ஒன்றைக் குறுக்கே கட்டிவிடுங்கள். மூன்றரை சென்டிமீட்டர் அகலமுள்ள கடிகாரத்துக்கு ஒரு வேட்டி என்பது ஆகாயம் மாதிரி. அவ்வளவு மெதுவான வெளிச்சம் எந்த ஸ்டூடியோவிலும் தனிச் செலவு செய்துதான் கிடைக்கும். அறையின் டியூப் லைட்டை அணைத்துவிட வேண்டும். பகல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் கலந்தால் டயலின் ஒரு பாதி நீலம் பாரித்துவிடும். கண்ணாடியில் ஜன்னல் அடித்தால் பயப்பட வேண்டியதில்லை. வெளிச்சம் எந்தக் கோணத்தில் வருகிறதோ அதே கோணத்தில்தான் மறுபக்கம் போகும். அந்த வழியை விட்டுச் செல்போனை நாலு விரல் நகர்த்தினால் ஜன்னல் போய்விடும். மிகவும் கிட்டே போகக் கூடாது. கிட்டே இருக்கிற பாகம் வீங்கித் தெரியும். கொஞ்சம் தள்ளி நின்று, படத்தை இரண்டு மடங்காகப் பெரிதாக்கி எடுப்பது நல்லது.

இனி நாணயத்துக்கு வருகிறேன்.

கீறல் என்பது என்ன? ஒரு நுண்ணிய வாய்க்கால். எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே அளவாக வெளிச்சம் விழுந்தால் வாய்க்காலின் கரையும் வெளிச்சமாகிவிடும், பக்கத்துச் சமதரையும் வெளிச்சமாகிவிடும்; வாய்க்கால் காணாமல் போகும். ஒரே பக்கத்திலிருந்து, தாழ்ந்து, சாய்வாக வெளிச்சம் விழுந்தால்தான் அது தென்படும். உச்சிவேளையில் மொழுமொழுவென்றிருக்கிற சுவரில் சாயங்கால வெயில் பட்டதும் கொத்தனார் பூச்சின் மேடு பள்ளம் முழுவதும் வெளிவருகிறதல்லவா, அது மாதிரி. ஆகவே வெள்ளைக் கூடாரம் என்பது கீறலை மறைக்கிற யந்திரம். படத்தில் யாரும் கை வைக்க வேண்டாம், திருத்த வேண்டாம். "எடுத்தபடியே போட்டிருக்கிறேன்" என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யலாம். சத்தியமும் பொய்யாகாது, கீறலும் தெரியாது.

எச்.எம்.டி. கடிகாரத்தைப் பாருங்கள். ஜப்பானியச் சிட்டிசன் கம்பெனியின் கூட்டுறவோடு 1961-ல் பெங்களூரில் பிறந்தது அது. எச்.எம்.டி. வாட்சஸ் கம்பெனியை மூடிவிட 2016 ஜனவரியில் மத்திய மந்திரி சபை சம்மதம் கொடுத்தது. அதற்கப்புறம் பழைய ஜனதாவையும் பைலட்டையும் தேடுகிறவர்கள் பெருகினார்கள். தேடுகிறவர்கள் பெருகினால் தேய்க்கிறவர்களும் பெருகுவார்கள். மங்கின டயலைச் சுரண்டிவிட்டுக் கண்ணைப் பறிக்கிற வர்ணமடித்து, எழுத்தைப் புதிதாக அச்சடித்து விற்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது. அப்படி அச்சடித்த எழுத்து தடித்திருக்கும். நிமிஷப் புள்ளிகள் மணிக் கோடுகளோடு ஒட்டாமல் விலகி நடக்கும். சாய்வான வெளிச்சத்தில் ஒரே ஒரு படம் இருந்தால் பழகின கண் கண்டுபிடித்துவிடும். கூடாரத்துப் படத்தில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாலும் பிடிபடாது.

என் நண்பர் ஒருவர், தம் தகப்பனார் முப்பது வருஷம் கட்டியிருந்த ஜனதாவைப் போலவே ஒன்று வேண்டுமென்று, இப்படி ஒரு வெள்ளைப் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பினார். வந்து சேர்ந்ததில் ஸ்ட்ராப் மாட்டுகிற காதுகள் நான்கும் கரைந்து, வாயில் போட்டு எடுத்த மிட்டாய் மாதிரி இருந்தன. பிளாஸ்டிக் கண்ணாடியில் கீறல் விழுந்தால் பற்பசை போட்டுத் தேய்த்தே போக்கிவிடலாம். பாலிஷ் சக்கரத்தில் கரைந்த எஃகு மூலை திரும்பி வராது. விற்றவரைக் கேட்டதற்கு, "படத்தில் இருப்பதைத்தானே அனுப்பியிருக்கிறோம்" என்று பதில் வந்தது. வாஸ்தவம். அதைத்தான் அனுப்பியிருந்தார்கள்.

இதற்கு ஒரு ஆட்சேபணை சொல்வார்கள். பெரிய கம்பெனிகளின் விளம்பரப் படம் மட்டும் என்ன வாழ்கிறது, அங்கே நாள் முழுக்க உட்கார்ந்து நிழலையும் தூசியையும் துடைக்கவில்லையா என்பார்கள். துடைக்கிறார்கள்தான். ஆனால் அங்கே படம் பிடிக்கப்படுவது ஒரு கடிகாரமல்ல, ஒரு ஜாதிக் கடிகாரம். ஆலையிலிருந்து வருகிற ஆயிரமும் ஒன்றுபோலிருக்கும் என்பது அங்கே ஒப்பந்தம். ஒன்றைத் துடைத்துக் காட்டினால் ஆயிரத்தையும் காட்டினதாகிறது. வீட்டு மேஜைமேல் இருப்பதோ ஒரே ஒரு கடிகாரம். இன்னாருடைய கையில் இத்தனை வருஷம் இருந்தது, இந்த இடத்தில் அடிபட்டது என்கிற சங்கதிகளையெல்லாம் எடுத்துவிட்டால் விற்பதற்கு மிஞ்சுவது என்ன? கல்யாணத்துக்குப் பெண்ணின் படம் கேட்டால் பெண்கள் பத்திரிகை அட்டையைக் கிழித்து அனுப்புவதுண்டா?

பத்து பத்து விஷயமும் அப்படித்தான். கம்பெனிக்காரர்களுக்கு அதில் நியாயமுண்டு. பன்னிரண்டுக்குக் கீழே இருக்கிற பெயர் இரண்டு முட்களுக்கு நடுவில் பளிச்சென்று தெரியும். மூன்றுக்குப் பக்கத்துத் தேதிக் கட்டம் மறையாது. பழைய விளம்பரங்களில் எட்டு இருபதும் உண்டு; அது அழுகிற வாய் மாதிரி, இது சிரிக்கிற வாய் மாதிரி என்பார்கள். சிரிக்கிற கடிகாரம் பார்க்கிறவர்களுக்குச் சந்தோஷம் தருகிறதா என்று 2017-ல் ஒரு மனோதத்துவ ஆராய்ச்சியே வெளிவந்தது. ஆபிரகாம் லிங்கன் இறந்த நேரம் அது என்று ஒரு கதை உலவுகிறது. அவர் சுடப்பட்டது இரவு பத்தேகாலை ஒட்டி; உயிர் போனது மறுநாள் காலை ஏழு இருபத்திரண்டுக்கு. கதை போகட்டும். பழைய கடிகாரத்தை வாங்குகிறவனுக்கு அது சிரிக்கிறதா என்பதில் அக்கறை இல்லை. ஓடுகிறதா என்பதுதான் அவன் கேள்வி. எல்லாப் படத்திலும் பத்து பத்தே இருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

குறையைக் காட்டினால் விலை குறையுமே என்றால், குறையும். குறைய வேண்டிய விலை குறையட்டும். திட்டமிட்டு ஏமாற்றுகிறவனுக்கு நான் வழியடைக்க வரவில்லை. அவன் நாலு மூலையையும் யோசித்து வைத்திருப்பான். யாரோ சொன்னார்கள் என்று கூடாரம் வாங்கி வைத்துக்கொண்டு, தெரியாமலே பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார்களே, அந்த நல்ல மனுஷர்களிடம்தான் என் பேச்சு. ஜன்னல் வெளிச்சத்தில் அழகாக ஒரு படம் எடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அப்புறம் வேட்டியை அவிழ்த்துவிட்டு, அறையை இருட்டாக்கி, ஒரு டார்ச்சை மேஜையோடு மேஜையாகப் படுக்கவைத்து, டயலுக்கு ஒன்று, பின்மூடிக்கு ஒன்று, காதுகளுக்கு ஒன்று எடுங்கள். சாவி கொடுத்துவிட்டு ஒன்பது இருபதுக்கு ஒரு படமும், காப்பி சாப்பிட்டு வந்து ஒன்பது ஐம்பதுக்கு இன்னொரு படமும் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். விநாடி முள் கொஞ்சம் கலங்கித் தெரிந்தால் பாதகமில்லை.