கம்பம் இருக்கு, கரண்ட் இருக்கா?

மின்சாரக் கார் வாங்கிய பிறகு சென்னை, பெங்களூர் நண்பர்கள் போன் செய்தால் "அங்கே மழை உண்டா" என்று கேட்பதை விட்டுவிட்டார்கள். "எவ்வளவு தூரம் போகுது, வழியில சார்ஜ் போட இடம் இருக்கா" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. கோபியிலிருந்து திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவுக்குப் போய் வந்த கதையை வைத்து மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். இனி கேட்பவர்களுக்கு லிங்க் அனுப்பிவிடலாம்.

வண்டியைப் பற்றி இரண்டு வரி. செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 30 யூனிட் பிடிக்கும் பேட்டரி. விளம்பரத்தில் முந்நூறுக்கு மேல் போட்டிருந்தார்கள். ஏசி போட்டு, நாலு பேர் உட்கார்ந்து, எண்பதில் போனால் இருநூறுதான். கடைசி 15 சதவீதத்தைத் தொடாமல் ஓட்டினால் 170. கோபி, ஈரோடு, கரூர், திருச்சி, தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று போனால் சுமார் 300 கிலோமீட்டர். ஆக, போகும்போது வழியில் ரெண்டு மூணு இடத்தில் நிறுத்தியே ஆக வேண்டும். வண்டியில் நான், வீட்டுக்காரம்மா, பையன், 74 வயது அம்மா. அம்மா வந்ததால்தான் இந்த விமர்சனம் வேறு மாதிரி இருக்கப்போகிறது. எத்தனை கிலோவாட் என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. "பாத்ரூம் இருக்குதா, உக்கார நெழல் இருக்குதா?" அவ்வளவுதான் கேள்வி.

அதற்கு முன்னால் இன்னொரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "உங்களுக்கென்னங்க, விவசாயத்துக்கு இலவசக் கரண்ட். மோட்டார் லைன்ல கார மாட்டிவிட வேண்டியதுதானே?" நகரத்து நண்பர்களில் பாதிப் பேர் இதைச் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். அந்த இணைப்பு பயிருக்குத் தண்ணீர் எடுக்கக் கொடுத்தது. 1970இல் மின் கட்டண உயர்வை எதிர்த்துப் போராடியபோது பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று விவசாயிகள் செத்துப்போனார்கள். எங்கள் பக்கத்தில் இன்னும் அதை மறக்கவில்லை. அப்படி வந்த சலுகையில் காரை மாட்ட மனசு வராது. இலவச மின்சாரத்தை நிறுத்தணும் என்று பேசிக்கொண்டிருப்பவர்கள் கையில் நாமே ஒரு காரணத்தை எடுத்துக் கொடுப்பானேன்? கார் வீட்டு மீட்டரில்தான் சார்ஜ் ஆகிறது. பில்லும் கட்டுகிறேன்.

சரி, சாலைக்கு வருவோம்.

கரூருக்கு முன்னால் ஒரு ஓட்டலின் பக்கவாட்டில் இருந்தது முதல் ஸ்டேஷன். 60 கிலோவாட், இரண்டு கன். தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தியதுமே ஒரு பையன் ஓடி வந்து, "ஏனுங்கண்ணா, அந்தக் கன்னு எர்ரர் காட்டும், இதைப் போடுங்க" என்றான். ஆப் திறந்து காசு கட்டுவது வரை கூடவே நின்றான். இத்தனைக்கும் அவன் சார்ஜிங் கம்பெனி ஆள் இல்லை, ஓட்டலில் டேபிள் துடைக்கிற பையன். பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டானாம். அம்மா பாத்ரூம் போய், இட்லி சாப்பிட்டு, கை கழுவி வரும்போது 85 சதவீதம் ஏறியிருந்தது. மொத்தப் பயணத்தில் இதுதான் முதல் மார்க். அந்த மார்க் மெஷினுக்கு இல்லை, அந்தப் பையனுக்கு.

அடுத்தது குளித்தலை தாண்டி ஒரு பெட்ரோல் பங்க். ஆப்பில் பச்சை விளக்கு, "தயார்" என்று காட்டியது. நேரில் போனால் மெஷின் திரை கறுப்பாகக் கிடக்கிறது. அதன் நிழலில் ஒரு வெள்ளாடு படுத்திருந்தது. பங்க் ஊழியரிடம் கேட்டேன். "அது வந்ததுல இருந்து ரெண்டு மாசம் ஓடுச்சு சார். அப்புறம் யாரும் வரல" என்றார். அவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெட்ரோல் போடுகிற இயந்திரம் ஒரு நாள் நின்றால் முதலாளிக்கு நஷ்டம், அன்றைக்கே மெக்கானிக் வந்துவிடுவார். இது நின்றால் அங்கே யாருக்கும் ஒன்றும் குறையவில்லை. பழுதாகவே கிடப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆப் என்றதும் இன்னொரு வயிற்றெரிச்சல். இந்த 300 கிலோமீட்டருக்கு என் போனில் ஐந்து ஆப் ஏற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் முதலில் நூறு ரூபாய், இருநூறு ரூபாய் போட்டு வைக்க வேண்டும். மீதியெல்லாம் அதிலேயே தூங்குகிறது. சந்தைக்குச் சந்தை வேறு படிக்கல் வைத்திருந்த காலம் போல இருக்கிறது. பெட்ரோல் போட ஐந்து ஆப் வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், நீங்கள் எல்லாரும் சும்மா இருப்பீர்களா?

திருச்சியில் ஸ்டேஷன்களுக்குப் பஞ்சமில்லை. நாங்கள் போனபோது ஒருத்தர் 88 சதவீதத்தில் கன்னை மாட்டிவிட்டு மாலுக்குள் போயிருந்தார். நூறு ஆகும் வரை எடுக்க மாட்டாராம். புதிதாக வண்டி வாங்கியவர்களுக்காகச் சொல்கிறேன்: பேட்டரிக்குள் கரண்ட் ஏறுவது மூட்டையில் நெல் பிடிப்பது மாதிரி. முதல் முக்கால் மூட்டை சடசடவென்று இறங்கும். கடைசிக் கால் பங்குக்குக் குலுக்கிக் குலுக்கித்தான் நிரப்ப வேண்டும். எண்பதுக்கு மேல் பேட்டரி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். எண்பதிலிருந்து நூறுக்குப் போகிற நேரத்தில் பின்னால் நிற்கிற இன்னொரு வண்டிக்குத் தேவையான அளவு ஏறிவிடும். வீட்டில் இரவெல்லாம் போடும்போது நூறு வையுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்? நெடுஞ்சாலையில் எண்பது வந்ததும் கழற்றிவிடுங்கள், தயவுசெய்து.

காசுக் கணக்கு கேட்பீர்கள். நான் போட்ட இடங்களில் யூனிட் 18 ரூபாயிலிருந்து 24 ரூபாய் வரை. அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இருபது ரூபாய் என்றே வைத்தாலும் வரியோடு 23 ரூபாய் 60 காசு. வண்டிக்கும் சார்ஜருக்கும் 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீதம்தான் ஜிஎஸ்டி, அதில் ஊற்றும் கரண்டுக்கு 18. என்ன கணக்கோ. அப்படியும் பெட்ரோலோடு பார்த்தால் லாபம்தான். வீட்டில் போடுவதோடு பார்த்தால் வலிக்கும்.

திருத்துறைப்பூண்டியில் விரைவு சார்ஜரைத் தேடி அலையவில்லை. பக்கத்துக் கிராமத்தில் நண்பர் வீட்டில் இரவு தங்கல். வண்டியோடு வந்த சார்ஜரை 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் சிவப்பு விளக்கு. கரண்ட் இருக்கிறது, வண்டி வாங்க மாட்டேன் என்கிறது. "ஃபிரிஜ், கிரைண்டர் எல்லாம் ஓடுதே அண்ணே" என்றார் நண்பர். ஓடும். ஆனால் எர்த் சரியில்லையென்றால் கார் ஒத்துக்கொள்ளாது, அந்த வகையில் கார் நம்மைவிடப் புத்திசாலி. மே மாத வெயிலில் எர்த் குழி காய்ந்து கிடந்தது. நாலு குடம் தண்ணீரும் ரெண்டு கை உப்பும் போட்டு, கால் மணி நேரம் கழித்து மாட்டினோம், பச்சை வந்துவிட்டது. இது அவசரத்துக்கு. ஊருக்குப் போனதும் வயர்மேனைக் கூப்பிட்டுப் புதுக் கம்பி இறக்கச் சொல்லியிருக்கிறேன், அது காருக்காக அல்ல, அவர் வீட்டுக் குழந்தைகளுக்காக. இரவு பத்திலிருந்து காலை ஏழு வரை 25 யூனிட் ஏறியது. திருவிழாவில் நெல் ஜெயராமன் ஆரம்பித்து வைத்த வழக்கம் அவர் 2018இல் மறைந்த பிறகும் நடக்கிறது: இரண்டு கிலோ விதை வாங்கினால் அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்ப வேண்டும். தூயமல்லி எடுத்து வந்திருக்கிறோம். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

திரும்பி வரும்போதுதான் சோதனை. தஞ்சாவூரில் ஒரு ஓட்டல் ஸ்டேஷன். கன் மாட்டியதும் ஓடுகிறது, இரண்டு நிமிடத்தில் நின்றுவிடுகிறது. மூன்று தடவை இப்படியே. உதவி எண்ணில் பேசிய பெண் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். ஆனால் அவருக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம்: "ஆப்பை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றுங்கள் சார்." நான் ஓட்டல் கட்டடத்தைப் பார்த்தேன். ஒரு வரிசை விளக்கு மட்டும் மங்கலாக மினுக்குகிறது. போர் மோட்டார் வைத்திருக்கிற எவனுக்கும் இதைப் பார்த்ததும் தெரிந்துவிடும், ஒரு ஃபேஸ் அடி வாங்குகிறது. இந்த மெஷினுக்கு மூன்று ஃபேஸும் ஒழுங்காக வர வேண்டும். ஓட்டல் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சொன்னேன். போர்டைத் திறந்தால் ஃபியூஸ் கட்டை ஒன்று கருகியிருந்தது. மாற்ற இருபது நிமிடம். அதற்கு முன்னால் வந்த இரண்டு கார்கள் மெஷின் கெட்டுப்போச்சு என்று திரும்பிப் போனதாம்.

எங்கள் ஊரில் ஏழரைக் குதிரைச் சக்தி மோட்டார் நின்றால், பத்து நிமிடத்தில் ஸ்டார்ட்டரைத் திறந்து பார்க்க ஒரு ஆள் உண்டு. அவர் படித்தது எட்டாம் வகுப்பு. பல லட்ச ரூபாய் மெஷினுக்கு அப்படி ஒரு ஆள் பக்கத்தில் இல்லை.

அன்றைக்கு இரவே இன்னொரு இடம். திருச்சி தாண்டி, மணி பத்து. ஆப் காட்டிய ஸ்டேஷன் பூட்டிக் கிடந்த ஒரு ஷோரூமுக்குப் பின்னால். கேட் பாதி திறந்திருக்கிறது, ஒரு பல்ப் கிடையாது. மெஷின் வேலை செய்தது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்காரம்மா இறங்கவே இல்லை. "நீங்க தனியா வந்தா போட்டுக்குங்க, இப்ப எடுங்க வண்டிய" என்றாள். 31 சதவீதத்தோடு அறுபதிலேயே உருட்டிக்கொண்டு கரூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். அம்மா வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. ஒரு பெண் தனியாக ராத்திரி ஓட்டி வந்தால் அங்கே நாற்பது நிமிடம் நிற்பாரா? பெட்ரோலுக்கு ஐந்து நிமிடம் நின்றால் போதும். சார்ஜுக்கு நிற்பது என்பது அந்த இடத்தில் குடியிருப்பது மாதிரி. வெளிச்சமும் தண்ணீரும் கழிப்பறையும் இல்லாத இடத்தை ஸ்டேஷன் என்று வரைபடத்தில் காட்டவே கூடாது என்பது என் கருத்து.

மத்திய மின்சார அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறையில் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் ஸ்டேஷன் வேண்டும் என்று இருந்தது. 2023 மார்ச்சில் எண்ணெய் நிறுவனங்கள் மூன்றுக்கும் 7,432 ஸ்டேஷன்கள் அமைக்க 800 கோடி ரூபாய் அனுமதித்தார்கள். நல்ல விசயம்தான். ஆனால் நட்டதைத்தான் எண்ணுகிறார்கள், ஓடுவதை எண்ணுவதில்லை. ஊர் ஊருக்கு அடிகுழாய் போட்டபோதும் இதே கதைதான். கல்வெட்டு இருக்கும், கைப்பிடி இருக்காது. மாதத்தில் எத்தனை மணி நேரம் மெஷின் ஓடியது என்று பார்த்து அதற்குத் தகுந்த மாதிரி மானியத்தைப் பிரித்துக் கொடுத்தால், அந்த வெள்ளாடு வேறு நிழல் தேட வேண்டியிருக்கும். அந்த ஓட்டல் பையன் மாதிரி ஆட்களுக்கு மாதம் ஒரு தொகை கொடுத்தால் உதவி எண்ணுக்கு வருகிற போன் பாதியாகக் குறையும்.

இன்னொன்று. இந்த விரைவு சார்ஜர்கள் எல்லாம் நெடுஞ்சாலையில் போகிற கார்களுக்கானவை, அதாவது பெரும்பாலும் உங்களுக்கு. எங்கள் ஊருக்குள் முதலில் வந்த மின்சார வண்டி கார் இல்லை, மூன்று சக்கர லோடு ஆட்டோ. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கன் பொருந்தாது. அவர்களுக்கு 60 கிலோவாட் எதற்கு? மீட்டரும் நல்ல எர்த்தும் உள்ள 15 ஆம்பியர் பிளக் பத்து போதும். அதையும் வண்டி எப்படியும் நிற்கிற இடத்தில் வைக்க வேண்டும். உழவர் சந்தை 1999இலிருந்து இருக்கிறது. இடம் இருக்கிறது, கொட்டகை இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, காலை நாலு மணியிலிருந்து ஆள் நடமாட்டம் இருக்கிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பாதி நாள் வண்டிகள் சும்மாதான் நிற்கின்றன. ஒரு விரைவு சார்ஜருக்கு ஆகிற செலவில் எத்தனை சந்தைக்கு இப்படிப் பிளக் வைக்கலாம் என்று யாராவது கணக்குப் போட்டால் தேவலை.

எங்கள் ஊர் லோடு ஆட்டோக்காரத் தம்பி விடியற்காலையில் கத்தரிக்காயும் கறிவேப்பிலையும் ஏற்றிக்கொண்டு போகிறான். எட்டு மணிக்குள் சரக்கு இறங்கிவிடும். அங்கேயே இரண்டு மணி நேரம் சார்ஜ் கிடைத்தால் இன்னொரு நடை வாடகை பிடிக்கலாம். இப்போதைக்கு சந்தைக்கு எதிரே இருக்கிற டீக்கடைதான் அவனுக்கு ஸ்டேஷன். ஒரு தடவைக்கு 40 ரூபாய். டீக்குத் தனிக் காசு.