வேண்டாம் என்றவர்

இந்த வாரம் முழுக்க எனக்கு எரிச்சல். ஹோசூர் ரோட்டில் பெங்களூரு ராணுவப் பள்ளியைத் தாண்டும்போது, "ஜெய்சங்கர் படித்த இடம் சார் இது" என்றார் உடன் வந்த நண்பர். சொன்ன கையோடு போனை எடுத்து, நிருபர் ஒருவரை அவர் மடக்கும் அரை நிமிட வீடியோவைக் காட்டினார். நண்பருக்குத் தெரிந்த ஜெய்சங்கர் அவ்வளவுதான்.

1977இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த மனிதர். 1988 முதல் 1990 வரை இலங்கையில் அமைதிப்படையின் அரசியல் ஆலோசகர். தமிழர்கள் மறக்க முடியாத அந்த ஆண்டுகளைப் பற்றி எந்த வீடியோவும் பேசாது. பிறகு பிராக், சிங்கப்பூர், பெய்ஜிங், வாஷிங்டன். 2015இல் வெளியுறவுச் செயலர், 2019 மே மாதம் அமைச்சர். பிரான்ஸில் து வில்பன், கொலொனா என்று தூதரக அதிகாரிகள் அமைச்சரானதுண்டு. இங்கே நட்வர் சிங் இருந்தார். ஆனால் வெளியுறவுச் செயலராக இருந்து அமைச்சரானவர் இவர் ஒருவரே.

அவரைப் பற்றி நினைத்தாலே எனக்கு அவருடைய அப்பாதான் முன்னால் வந்து நிற்கிறார். கே. சுப்ரமணியம், 1929இல் திருச்சியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்து, 1951இல் ஐ.ஏ.எஸ். ஆனார். இந்தியாவுக்கு அணுகுண்டு வேண்டும் என்று யாரும் கேட்க விரும்பாத காலத்திலேயே வாதாடினார். அந்தக் குண்டு கைக்கு வந்தபின், முதலில் பயன்படுத்த மாட்டோம் என்ற கொள்கையின் வரைவை 1999இல் தயாரித்த குழுவுக்கும் அவரே தலைவர். 1980இல் இந்திரா காந்தி ஆட்சிக்கு வந்ததும் முதலில் பதவியிழந்த செயலர் தன் அப்பா என்று 2023இல் ஒரு பேட்டியில் மகன் சொன்னார். அந்த மனிதர் முடங்கவில்லை. பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தை மறுபடி நடத்தினார், பிறகு பத்திரிகைகளில் எழுதிக் குவித்தார். கார்கில் போருக்குப் பின் விசாரணைக் குழுவின் தலைமையும் அவரிடமே வந்தது.

விருதுகள் மீது எனக்குள்ள கோபம் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குப் பழக்கம்தான். 1999இல் அவருக்குப் பத்மபூஷண் அறிவித்தார்கள். அரசு ஊழியரும் பத்திரிகையாளரும் அரசிடம் விருது வாங்கக் கூடாது என்று மறுத்துவிட்டார். இரண்டாகவும் இருந்தவர் சொன்னது அது. சம்பளம் கொடுத்த அரசிடம் பரிசையும் எதிர்பார்க்கும் அதிகாரி, கசப்பான குறிப்பை எப்படித் துணிந்து எழுதுவார்? விமர்சிக்க வேண்டியவரிடமே மாலை வாங்கும் ஆசிரியரை வாசகர் எப்படி நம்புவார்?

மகன் 2019இல் பத்மஸ்ரீ பெற்றுக்கொண்டார். ஓய்வுபெற்ற பின் வந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதில் நான் அப்பா கட்சிதான். அடுத்த ஜனவரியிலும் பட்டியல் வரும். ஓர் அதிகாரியோ ஆசிரியரோ வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கட்டும், அந்த வாரப் பத்தி முழுதும் அவருக்குத்தான்.