பழத்தோட்டங்களில் நரம்பு வலையைத் தடை செய்ய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை விவசாயம் செய்து வருபவன். பறவைகளிடமிருந்து பழத்தைக் காக்கும் வலை என்று சொல்லி, மீன் பிடிக்கும் நரம்பு வலையை எங்கள் பகுதிக் கடைகளில் தாராளமாக விற்கிறார்கள். கொய்யா, மாதுளைத் தோட்டங்களிலும் இதே வலை தொங்குவதைப் பார்க்கிறேன். இந்த வலை பறவையை விரட்டுவதில்லை, பிடித்துக் கொல்கிறது. இதைத் தட்டிக்கேட்க எந்தத் துறையும் முன்வரவில்லை.

பறவைகளால் நஷ்டமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் பன்னீர் திராட்சை, கவாத்து வெட்டியதிலிருந்து ஏறத்தாழ 4 மாதத்தில் அறுவடைக்கு வரும். கடைசி வாரங்களில் காய் கறுத்து இளகும்போதுதான் மைனாவும் கிளியும் கொண்டைக்குருவியும் பந்தலுக்குள் இறங்கும். ஒரு குலையில் அவை தின்பது நாலைந்து பழம்தான். ஆனால் கொத்திய பழத்திலிருந்து சாறு வழியும், ஈயும் குளவியும் மொய்க்கும், பூசணம் பிடித்துப் பக்கத்துப் பழங்களும் அழுகும். அந்தக் குலையை வியாபாரி தொடமாட்டார். அதிலும் இங்கே வருடம் முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருந்துகொண்டே இருக்கும் என்பதால் தொல்லைக்கும் இடைவெளி கிடையாது. தகரம் தட்டுகிறோம், வெடி போடுகிறோம், ஜிகினா ரிப்பன் கட்டுகிறோம், பந்தலைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டுகிறோம். சில நாள் பயப்படும் பறவைகள் பிறகு பழகிவிடுகின்றன. கடைசியில் வலைதான் கைகொடுக்கிறது.

அது எந்த வலை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பறவைத் தடுப்புக்கென்றே செய்யப்படும் வலை, வெயில் தாங்கும் பிளாஸ்டிக் நூலால் ஆனது. நூல் தடிமனாக இருக்கும், பறவையின் கண்ணுக்குத் தெரியும். அதை விறைப்பாக இழுத்துக் கட்டினால் பறவை வந்து மோதித் திரும்பிவிடும். நரம்பு வலையோ மெலிந்த, நிறமற்ற நைலான். வெளிச்சத்தில் அது இருப்பதே தெரியாது. தொளதொளவென்று தொங்குவதால் கால் நுழைந்ததும் சுற்றிக்கொள்ளும். உதற உதற இறுகும். வெயிலில் சில மணி நேரம் சிக்கிக் கிடந்தாலே குருவி செத்துவிடும்.

பக்கத்துத் தோட்டம் ஒன்றில் விடியற்காலையில் ஒரு கூகை சிக்கிக் கிடந்ததைப் பார்த்தேன். இரவெல்லாம் போராடியதில் நரம்பு இறகை அறுத்து இறக்கை மூட்டுத் தோலுக்குள் இறங்கியிருந்தது. கத்தரிக்கோல் நுழைய இடமில்லாமல், பிளேடால் ஒவ்வொரு இழையாக அறுத்து எடுக்க வேண்டியிருந்தது. சற்றுத் தள்ளி அதே வலையில் கரிச்சான் ஒன்று காய்ந்து தொங்கியது. கூகை எலியைத் தின்னும். கரிச்சான் புழுவையும் பூச்சியையும் பிடிக்கும். இரண்டும் திராட்சையைத் தொடுவதே இல்லை. தரையில் புரளும் வலை ஓரத்தில் சாரைப்பாம்பும் மாட்டிக்கொள்கிறது. பூச்சியைத் தின்னப் பறவைகள் வந்து உட்காரட்டும் என்று வயலில் 'டி' வடிவக் குச்சி நடச் சொல்வது வேளாண்மைத் துறைதான். அந்தப் பறவைகளைக் கொல்லும் வலை கடைத்தெருவில் தொங்குவது மட்டும் அரசின் கண்ணில் படாமல் போனது எப்படி?

1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், வன உயிர்களைக் கண்ணி வைத்தோ பொறி வைத்தோ பிடிப்பதையும் வேட்டை என்றுதான் சொல்கிறது. வீட்டில் ஒரு கிளியைக் கூண்டில் வளர்த்தால் வனத்துறை வந்து பறிமுதல் செய்கிறது. கிளிகள் செத்துத் தொங்க வழி செய்யும் வலையை விற்கவோ எந்தக் கட்டுப்பாடும் இல்லை. நாளை வழக்கு என்று வந்தால் மாட்டிக்கொள்பவர் விவசாயி, விற்றவர் தப்பிவிடுவார்.

தடை செய்ய முன்மாதிரி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மனிதரையும் பறவையையும் அறுக்கிறது என்பதற்காக நைலான் மாஞ்சா நூலுக்கு 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை விதித்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், வீட்டுத் தோட்டப் பழமரங்களுக்குப் போடும் வலையின் கண், முழுதாக இழுத்தாலும் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2021 முதல் விதி இருக்கிறது. விரல் நுழைந்தால் அந்த வலை ஆகாது என்று எவரும் சோதித்துப் பார்த்துவிடலாம்.

விவசாயிகள் நரம்பு வலையை வாங்குவது விலை மலிவு என்பதால்தான். ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், பறவைத் தடுப்பு வலைக்குச் சதுர மீட்டருக்கு 35 ரூபாய் என்று கணக்கிட்டு, அதில் பாதியை ஒருவருக்கு 5,000 சதுர மீட்டர் வரை மானியமாகக் கொடுக்க இடம் இருந்தது. அந்தக் கணக்கிலேயே ஓர் ஏக்கருக்கு விவசாயி தன் கையிலிருந்து சுமார் 70 ஆயிரம் ரூபாய் போட வேண்டியிருந்தது. உரத்துக்கும் மருந்துக்கும் கடன் வாங்குகிறவர் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்? அதனால் விவசாயியை மட்டும் குற்றவாளியாக்குவதில் நியாயம் இல்லை.

அரசு செய்ய வேண்டியவை இவை: நரம்பு வலையைத் தோட்டப் பயன்பாட்டுக்கு விற்பதைத் தடை செய்ய வேண்டும். பறவைத் தடுப்பு வலையின் கண் அளவுக்கும் நூல் தடிமனுக்கும் தரம் நிர்ணயித்து, மானியத்தில் வரும் வலைக்கும் கடையில் விற்கும் வலைக்கும் அதையே பொருத்த வேண்டும். சிறு, குறு விவசாயிகளுக்கு மானியத்தைக் கூட்டி, பழம் நிறம் மாறும் முன்பே வலை கையில் கிடைக்கச் செய்ய வேண்டும். பழைய நரம்பு வலையைக் கொடுப்பவருக்கு நல்ல வலையைச் சலுகை விலையில் தரலாம்.

சக விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. வலையைத் தொங்கவிடாமல் இழுத்துக் கட்டுங்கள், காலையும் மாலையும் சுற்றிப் பாருங்கள், அறுவடை முடிந்ததும் சுருட்டி எடுத்துவிடுங்கள். இவற்றுக்குப் பணம் செலவாகாது. மற்றதைத் தோட்டக்கலைத் துறையும் வனத்துறையும் சேர்ந்து உட்கார்ந்து பேசி, தாமதமில்லாமல் அரசாணையாக வெளியிட வேண்டும் என்று உங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு திராட்சை விவசாயி,
சுருளிப்பட்டி, தேனி மாவட்டம்.