100 வாட்ஸ் ஆருக்கு?

கிற்றார் பழகத் தொடங்கினதும் எங்கட ஆக்கள் கேட்கும் முதல் கேள்வி: "அம்ப் எத்தினை வாட்ஸ்?" வெள்ளவத்தை மாடிவீட்டில், சுவருக்கு அங்கால ஒரு பிள்ளை ஓ.எல். சோதனைக்குப் படிக்கேக்க, 100 வாட்ஸ் ஆருக்கு?

அது 10 வாட்ஸைவிடப் பத்து மடங்கு சத்தமுமில்லை. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்குதான். பெரிய வால்வ் அம்ப் முறுக்கினால்தான் உறுமும். 5 வாட்ஸ் வால்வே அறைக்குள் காதைப் பிளக்கும்.

வாட்ஸை விடுங்கோ. மாஸ்டர் வொல்யூம், ஹெட்போன் துளை இருக்கோ எண்டு பாருங்கோ. மெல்லிய சத்தத்தில் காதுக்கு முதலில் தொலைவது பேஸ். ஆகவே கடையிலும் குறைச்சு வைச்சே வாசிச்சுக் கேளுங்கோ.

பெரிசா வாங்கி, அயலோடு சண்டைப்பட்டு, கிற்றாரை மூலையில் சாத்தினவர்கள் நாங்கள். மெல்ல வாசித்தால் ஒவ்வொரு இரவும் வாசிக்கலாம்.